வடிகட்டிக்கு வைத்த குங்குமம்

கல்யாணமாகி மல்லேஸ்வரத்தில் குடித்தனம் வைத்த முதல் வருஷம், “இவர் என்னோடு பேசுவதைவிட மோட்டார் சைக்கிளோடு பேசுவதுதான் அதிகம்” என்று தங்கைக்குக் கடிதம் எழுதினேன். பொய் இல்லை. என் கணவர் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தினமும் பத்து மைல் போய், பத்து மைல் திரும்பி வர வேண்டும். உலகச் சண்டை முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஓர் இங்கிலாந்து வண்டிதான் அவரைச் சுமந்தது. கறுப்பாக, கனமாக, வீட்டுப் பின்கட்டில் ஒரு மாடு நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு நின்றிருக்கும்.

நான் வருவதற்கு முன்பே அதன் எஞ்சினுக்குள் இருக்கும் பெரிய பேரிங் ஒருமுறை தேய்ந்து போய்விட்டது. வேறு பேரிங் உள்ளூரில் கிடையாது. இங்கிலாந்துக்கு எழுதி, பர்மிட்டுக்கு அலைந்து, ஒன்றரை வருஷம் சைக்கிள் மிதித்தபடி காத்திருந்தார். கடைசியில் மெழுகுக் காகிதத்தில் சுற்றி அது வந்து சேர்ந்தது, எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த மாசம். பிரித்து உள்ளங்கையில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. அந்த அளவில் பேரிங் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம், இதுதான் கடைசியாம். “இதுவும் போச்சுன்னா வண்டி குஜரிக்குத்தான்” என்று சொல்லியபடியே அதை மாட்டி, மறுபடி வண்டியில் போக ஆரம்பித்தார். கண்டோன்மென்ட்டில் பழைய இரும்பை எடை போட்டு வாங்கும் கடைக்குக் குஜரி என்று பெயர்.

பழைய பேரிங்கைத் தின்றது எண்ணெயில் கலந்த பொடிதான் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அந்த வண்டிக்கு எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். ஒரு குழாய் வழியாக எஞ்சினுக்குள் போய், எல்லாவற்றையும் நனைத்து, இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பி வரும். வழியில் அதைச் சுத்தம் செய்ய ஒரு கம்பி வலையைத் தவிர வேறொன்றும் கிடையாது. தேயிலை வடிகட்டியை வைத்துக்கொண்டு மாவு சலிக்கிற கதை. அதனால் அதே குஜரியில் தேடி, ஏதோ ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றிய ஆயில் ஃபில்டரை வாங்கி வந்தார். நம் காப்பி ஃபில்டர் அளவில் ஓர் இரும்புக் குவளை. உள்ளே கம்பளி போலத் தடித்த துணிச் சுருள். மேலே இரண்டு வாய்கள். ஒன்றில் அழுக்கு எண்ணெய் நுழையும், துணிக்குள் புகுந்து மற்றதில் சுத்தமாக வெளியேறும்.

வீட்டுச் சொந்தக்காரர் கன்னடக்காரர், எங்களோடு கன்னடம் கலந்த தமிழில் பேசுவார், ‘தெரியாது’ என்பதற்குக் ‘கொத்தில்லை’ என்பார். பின்கட்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “வண்டி பண்ணின இங்கிலீஷ்காரனுக்கே கொத்தில்லாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா சார்?” என்றார். என் கணவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான்.

ஃபில்டரைக் கழுவி, காய வைத்து, இரண்டு வாய்களிலும் காகிதத்தை உருட்டி அடைத்து வைத்தார். சரஸ்வதி பூஜை வந்தது. ஸ்பானர்கள், சுத்தியல், என் தையல் கத்தரிக்கோல் எல்லாம் பலகையில் ஏறின. நடுவில் இந்த ஃபில்டரும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாயில் காகிதத்தை அடைத்துக்கொண்டு எந்தச் சாமான் சாமி முன்னால் உட்காரும்? இரண்டையும் உருவி எடுத்தேன். கழுவியும் போகாத எண்ணெய்ப் பிசுக்கில் சந்தனம் நிற்காமல் வழுக்கியது. ஒரு வாயின் விளிம்பில் மட்டும் நின்றது. அங்கே தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். கொஞ்சம் உள்ளேயும் கொட்டியது. சாமிக்குத்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை அவர் எடுப்பதற்கு முன்னால், வைத்தது வைத்தபடி காகிதங்களைத் திரும்ப அடைத்தேன்.

விஜயதசமி அன்று காலையிலேயே மாட்டிவிட்டார். வெளியே இருந்த பொட்டைத் துணியால் துடைத்தார், உள்ளே கொட்டியது அவர் கண்ணில் படவில்லை. எண்ணெய் திரும்பி வரும் குழாயை நடுவில் வெட்டி, ஃபில்டரை அதில் சேர்த்தார். போகிற குழாயில் வைத்தால், துணி அடைத்துக்கொண்ட அன்றைக்கு எஞ்சின் தாகத்தில் செத்துப்போகும் என்றார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பி, தொட்டியின் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாரு.”

குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்னக் குழாய் முனை. ஒன்றும் வரவில்லை. அவர் உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த முனை ஒருமுறை துப்பியது. மறுபடி துப்பியது. பொன் நிறத்தில், விட்டு விட்டு, நாடி துடிக்கிற மாதிரி எண்ணெய் வந்து விழுந்தது. இவ்வளவு சத்தம் போடுகிற இரும்புக்குள் இவ்வளவு அமைதியாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மெய் சிலிர்த்துப் போனேன். கோவிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை, சொன்னால் அடிக்க வருவார்கள்.

அவருக்கு என் முகத்தைப் பார்த்து சந்தோஷம். “ஒரு தூசு தொட்டிக்குள்ள போனாலும் நேரே பேரிங்குக்குத்தான் போகும். அதனாலதான் அந்தக் காகிதத்தை அடைச்சு வெச்சேன்” என்றார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று நாள் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போய் வந்தார். சாயங்காலம் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை அடுப்படியில் எனக்குக் கை ஓடாது. கேட்டதும் சத்தத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன், என்னமோ எனக்குத் தெரிந்துவிடப்போகிற மாதிரி. நான்காம் நாள் தாங்க முடியவில்லை. வந்து உட்கார்ந்தவர் கையில் காப்பியைக் கொடுத்தேன்.

“ஏன்னா, ஒண்ணு சொல்லணும். பூஜை அன்னிக்கு அந்தக் காகிதத்தை நான் எடுத்துட்டேன். வாயில சந்தனம் குங்குமம் வெச்சேன். உள்ளயும் கொட்டிடுத்து.”

“எந்த வாயில?”

“ஞாபகம் இல்லை.”

டம்ளரைக் கீழே வைத்தார். “எண்ணெய் வர்ற வாயா இருந்தா துணி பிடிச்சிருக்கும். போற வாயா இருந்தா தொட்டிக்குப் போய், மூணு நாளா பேரிங்க அரைச்சிண்டிருக்கும்” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நேரே பின்கட்டுக்குப் போனார்.

நல்ல வெளிச்சம் இருந்தது. பித்தளை பேசினைக் கீழே வைத்து, ஃபில்டரைத் திறந்து, துணிச் சுருளை வெளியே எடுத்தார். அதன் ஒரு பக்கத்தில், நகத்தளவுக்கு, அடர்ந்த சிவப்பு. எனக்கு உயிர் வந்தது. “பிடிச்சிருக்கு” என்றேன்.

“இரு. எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்திட்டு வந்தும் இங்க மாட்டியிருக்கலாம்.”

தொட்டி எண்ணெய் முழுவதையும் தன்னுடைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து அதன் வழியாக வடித்தார். அது வடிந்து முடிகிற நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். வேட்டியில் பழுப்புக் கறை மட்டும்தான். சிவப்பு ஒரு துளிகூட இல்லை. பிறகு துணியைத் திரித்து, எண்ணெய் போகிற வாயில் விட்டுச் சுழற்றினார். சுத்தமாக வந்தது. வருகிற வாயில் விட்டார். சந்தனமும் குங்குமமும் குழைந்து ஒட்டிக்கொண்டு வந்தன.

“வர்ற வாயிலதான் வெச்சிருக்கே” என்றார். குரல் இறங்கியிருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் துணிச் சுருளை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். வெளிப்புறம் முழுக்க, கோலமாவில் அப்பிரகம் கலந்தது போல, மினுமினு என்று ஒரு பொடி. எல்லாம் எஞ்சின் தேய்ந்த இரும்பு. உட்புறத்தைப் பிரித்துக் காட்டினார், புதுத் துணியாகவே இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால்கூடத் தட்டுப்படாத அந்தப் பொடி முன்பெல்லாம் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. மூன்றே நாளில் ஒரு துண்டுக் கம்பளி அதை நிறுத்தி வைத்திருக்கிறது. இங்கிலாந்துக்காரனுக்குத் தோன்றாதது இவருக்குத் தோன்றியதே என்று பிரமித்துப் போய் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துணியில் ஏதோ ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகம் மாறிவிட்டது. என் தையல் ஊசியைக் கேட்டு வாங்கினார். என் குங்குமத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, எதையோ மெதுவாக நெம்பி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்த ஒரு நூல். கண்ணிமை முடி நீளம்கூட இருக்காது.

“வேஸ்ட் காட்டன், மெஷின் துடைக்கற பஞ்சு நூல். பேரிங் மாட்டறப்போ உள்ள துடைச்சேன், அப்போ நான் விட்டது” என்றார். “மாசக்கணக்கா உள்ள சுத்திண்டிருந்திருக்கு. பேரிங்குக்கு எண்ணெய் போற ஓட்டைல இது அடைச்சிண்டிருந்தா பேரிங்கே போயிருக்கும்.”

எனக்கு அது என்னவென்று தெரியாது. அவர் துடைத்துப் போட்டிருந்தால் எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. குற்றம் முழுக்க என் தலையிலேயே இருந்திருக்கும், நானும் அதை ஒப்புக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். கண்டுபிடித்த நிமிஷமே எடுத்து என் கையில் வைக்கிறார். நானோ மூன்று நாள் வாயைத் திறக்காமல் அவரை அந்த வண்டியில் அனுப்பியிருக்கிறேன். அவரை ஏறிட்டுப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பேசினை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.