வைக்கோல் கோட்டைக்குப் போன தூது

நெரவிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், தெருவின் வடக்கு வரிசையில் பெரியப்பா வீடு, நேர் எதிரே தெற்கு வரிசையில் எங்கள் வீடு. எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் என் தம்பியின் காதுகுத்து. வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து ஊரையே அழைத்த அப்பா, சொந்த அண்ணன்தானே, எதிர்வீடுதானே என்று பெரியப்பாவுக்கு மட்டும் பத்திரிகையை என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பெரியப்பா அதை வாங்கி அலமாரியில் வைத்தார். விசேஷத்துக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்து நடந்த குடும்பங்கள்கூட ராசியாகிவிடும். நேரில் வந்து அழைக்காததை மட்டும் யாரும் மறக்கமாட்டார்கள்.

பேச்சு நின்றதே தவிர, பேச வேண்டிய விஷயங்கள் நிற்கவில்லை. நிலத்தைப் பாகம் பிரித்திருந்தாலும் தண்ணீர் மோட்டார் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றுதான் இருந்தது. “பாப்பா, நாளைக்குக் காலையில எங்க முறைன்னு ஒங்கப்பன்கிட்ட சொல்லு” என்பார் பெரியப்பா. அப்பா நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். நானும் அந்த நாலடியை நடந்துபோய் அட்சரம் பிசகாமல் சொல்வேன். “சரின்னு சொல்லு” என்பார் அப்பா. மறுபடியும் நாலடி. போகிற பக்கம் முறுக்கு, வருகிற பக்கம் கடலைமிட்டாய். அதற்குப் பிறகு நான் பார்த்த எந்த உத்தியோகமும் அவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

அந்த வருஷம் சம்பா அறுவடை முடிந்து மாரியம்மன் திருவிழா வந்தது. பாட்டுக் கச்சேரி வேண்டாம், சரித்திரம் காட்டுவோம் என்று கிளம்பினார் எங்கள் பள்ளிக்கூடத்து வரலாற்று சார். தஞ்சாவூர் அரண்மனையில் பங்காளிகள் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்ட காலத்தில், தம்பி ராஜா ஒருவன் நம் பக்கத்து மண்கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டானாம். அண்ணன் ராஜா படையோடு வந்து சுற்றி வளைத்தானாம். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மேடை இல்லை, வசனமும் இல்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை முற்றுகையை நிஜமாக வாழ்ந்து காட்டவேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு போகக்கூடாது. பொழுது சாயும்போது தம்பி ராஜா வெளியே வந்து சாவியை அண்ணன் ராஜாவிடம் ஒப்படைக்கவேண்டும். இதுதான் சார் போட்ட சட்டம்.

அறுத்த வயலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தென்னங்கீற்றை நிறுத்திக் கோட்டை எழும்பியது. பழைய போர்வெல் குழாய் பீரங்கியானது. பிரெஞ்சு சிப்பாய் ஒருவனும் இருக்கட்டும் என்று, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி எங்கள் பக்கத்துப் போலீஸ் போடும் தன் சிவப்புத் தொப்பியைக் கொடுத்தார். சீட்டுப் போட்டதில் தெற்கு வரிசை கோட்டைக்குள், வடக்கு வரிசை வெளியே என்று வந்தது. ராஜாக்கள் யார் என்ற கேள்விக்கு டீக்கடைக்காரர் ஒரே வார்த்தையில் முடிவு சொன்னார்.

“அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் போடுங்க சார். அவங்க நடிக்கவே வேணாம்.”

தூது போக யாரைப் போடுவது என்று யோசிக்கவே இல்லை. அப்பாவின் கிழிந்த வேட்டியில் ஒரு முழம் வெட்டி மூங்கில் குச்சியில் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. “கோட்டையத் தொறக்கச் சொல்லு” என்றார் பெரியப்பா. ஓடினேன். “முடியாதுன்னு சொல்லு” என்றார் அப்பா. திரும்பி ஓடினேன். பீரங்கிக்குள் வைத்த வெடி வெடித்தது, ஜனங்கள் கை தட்டினார்கள். அப்பா தோற்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், சரித்திரம் எப்படிப் போனால் என்ன, எங்கள் அப்பா தோற்கக்கூடாது என்று மாரியம்மனிடம் ரகசியமாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியதும்தான் குழப்பம் ஆரம்பித்தது.

“உள்ள குடிக்கத் தண்ணி இருக்கான்னு கேளு” என்றார் பெரியப்பா.

“இருக்குன்னு சொல்லு” என்ற அப்பா, நான் திரும்பும்போது கூப்பிட்டார். “வெயில்ல நிக்க வேணாம், நெழல்ல ஒக்காரச் சொல்லு.”

எதிரியிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். மத்தியானம் வடக்கு வரிசைப் படை, கோட்டைக்காரர்கள் பார்க்கும்படி உட்கார்ந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டது. பெரியப்பா மட்டும் இலையில் உட்காரவில்லை. அவர் பங்கு வறுவலும் எனக்கே வந்ததால் அது நன்றாக நினைவிருக்கிறது.

“பசி தாங்கமாட்டான். தலைவலி வந்துருக்கும். கேட்டுட்டு வா.”

கேட்டேன். இல்லை என்று பொய் சொன்னார் அப்பா. நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். பிறகு ஒரு வைக்கோலை உருவி விரலில் சுற்றிக்கொண்டே, “அண்ணிக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சாமே, இப்ப பார்வை எப்படி இருக்குன்னு கேளு” என்றார்.

வயல் நடுவில் ஓடிப்போய், “கோட்டை ராஜா கேக்குறாரு, மகாராணிக்குக் கண்ணு எப்படி இருக்காம்?” என்று சத்தமாகக் கேட்டேன். வடக்கு வரிசைப் படை சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. தலைப்பாகையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தேவலாம்னு சொல்லு. டிவி பாக்குறா” என்றார். நான் நாலெட்டு வைப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சின்னவனுக்குக் காது குத்துன புண்ணு ஆறிடுச்சான்னு கேளு” என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காது குத்தி இரண்டு வருஷமாகிறது, தம்பி இரண்டு கடுக்கனைத் தொலைத்துவிட்டு மூன்றாவதைப் போட்டுக்கொண்டிருக்கிறான். பெரியப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அப்பாவிடம் விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னேன். அப்பா நெற்றித் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு, “ஆறிடுச்சுன்னு சொல்லு” என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். வைக்கோல் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தது. சார் விசில் ஊதினார். அப்பா வெளியே வரவில்லை. மாட்டுக்குத் தீனி என்ன போடுகிறார்கள், மேட்டு வயல் எத்தனை மூட்டை கண்டது என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். என் கால் வலித்தது. அண்ணன் காலில் விழ மனசு வரவில்லை பாரு, கடைசிவரைக்கும் வீம்பு என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பெருமையாகவும் இருந்தது. உள்ளே பசியில் இருந்த தெற்கு வரிசைப் படைதான் கடைசியில், “போதும்ண்ணே, தொறந்து விடுங்க” என்று கெஞ்சியது.

அப்பா கீற்றை விலக்கிக்கொண்டு வந்தார். தாம்பாளத்தில் மோட்டார் கொட்டகைச் சாவி. அன்றைக்கு அதுதான் கோட்டைச் சாவி. பக்கத்தில் நாலு வெற்றிலையும் இரண்டு கொட்டைப்பாக்கும். கோட்டைக்குள் இருந்த தவில்காரரிடம் வாங்கியிருக்கிறார். “வெத்தல எதுக்குங்க? சரித்திரத்துல வெத்தல இல்ல” என்று சார் கத்தினார். அப்பா காதில் வாங்காமல் நேராக நடந்தார்.

“அண்ணே, வீட்டுக்கு வாங்க” என்றார்.

இதைச் சொல்ல என்னை ஏன் அனுப்பவில்லை என்று எனக்குக் கோபம். பெரியப்பா வெற்றிலை பாக்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். சாவியைத் தொடவே இல்லை. ஜெயித்த ராஜா சாவியை வாங்காமல் போன முற்றுகை உலகத்தில் அது ஒன்றுதான் என்று சார் பல வருஷம் புலம்பினார்.

அப்பா தோற்றுவிட்டார் என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். தோற்றவரோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மோட்டார் பெல்ட் தேய்ந்துவிட்டதைப் பற்றி அண்ணனிடம் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். ராத்திரி பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். தம்பியை மடியில் உட்காரவைத்துக் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல மோட்டார் கொட்டகைக்குப் போய் நின்றேன். இரண்டு பேரும் அவர்களே பேசிக்கொண்டார்கள். முறுக்கும் இல்லை, கடலைமிட்டாயும் இல்லை. வேலை போன ஆத்திரத்தில் அப்பாவிடம் கேட்டேன்.

“எப்படியும் தோக்கத்தான போறீங்க, சீக்கிரமே கதவத் தொறந்திருக்கலாம்ல? எல்லாரும் பட்டினியா கெடந்தாங்க.”

“தொறந்துட்டா நீ ஓடுறது நின்னு போயிடுமே பாப்பா” என்றார் அப்பா.

கொடி பிடித்து ஓடுவது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்காகத்தான் அன்று முழுக்கப் பசி பொறுத்திருக்கிறார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.