இறுகாத பால்

ரப்பர்ப் பாலில் ஆசிட் தண்ணீர் கலந்ததும் ஒரு புளித்த வாடை எழும். அது முதலில் மூக்கைக் குத்தி, பிறகு கண்ணோரத்தில் நீராக வந்து நிற்கும். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்துக்கு அதுதான் வாடை. அறுபது வருடங்களுக்கு மேலாக அதை மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் போன மாதம் ஈப்போவில், கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில், ஒரு பையன் காடியில் ஊறிய ஜெருக் மாங்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தபோது அது முகத்துக்கு நேரே வந்து அடித்தது.

அந்த வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். மண்டபத்தில் ஒன்பது காற்றாடிகள், அவற்றில் ஓடுவது நான்கு. சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கும் மலையில் முப்பத்திரண்டு வருடம் லோரிகளை எண்ணி ஏட்டில் எழுதிய கிராணி நான், எண்ணாமல் எந்த இடத்திலும் உட்கார எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு நான் நடத்த வேண்டியிருந்த பாடம், பொறுமையும் அதன் எதிர்ப்பண்புகளும். பலகையின் இடப்பக்கம் பொறுமை என்றும், வலப்பக்கம் அவசரம், ஆத்திரம், சலிப்பு, முணுமுணுப்பு என்றும் எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியபோதுதான் அது என் பட்டியல் அல்ல, ஆறாம் வகுப்பில் எனக்குப் பாடம் நடத்திய மாணிக்கம் வாத்தியாருடைய பட்டியல், வரிசைகூட மாறவில்லை என்பது புரிந்தது.

இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“தாத்தா, எவ்வளவு நேரம் பொறுமையா இருக்கணும்?”

“தாத்தா பேசி முடிக்கிற வரைக்கும்லா,” என்றான் மாங்காய்க்காரன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். அன்று வகுப்பைப் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டேன்.

எங்கள் தோட்டம் செமோருக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டு லயங்கள், லயத்துக்குப் பன்னிரண்டு வீடுகள், ஒரு கோயில், ஒரு ரப்பர் ஸ்டோர், இரண்டே அறைகள் கொண்ட ஒரு தமிழ்ப்பள்ளி. ஆறாம் வகுப்பில் நாங்கள் பதினேழு பேர். மாணிக்கம் வாத்தியார் பிரம்பை அதிகம் எடுக்காதவர். பிள்ளைகள் கெட்டுப்போவது அவசரத்தால்தான் என்று உறுதியாக நம்பியவர். அதற்காக அவர் கண்டுபிடித்த பாடம் வேறு எந்த ஊர்ப் பள்ளியிலும் இருந்திருக்காது. வெள்ளிக்கிழமை காலையில் பால் சேகரிக்கும் நேரத்தில் யாராவது ஓடிப்போய் ஒரு வாளியில் பால் வாங்கி வருவார்கள். மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணத்தை நாங்கள் ‘மங்கு’ என்போம். ஆளுக்கொரு ‘மங்கு’ பால் எங்கள் முன்னால் பெஞ்சில் இருக்கும். அதில் ஒரு கரண்டி ஆசிட் தண்ணீர் விட்டால், கொஞ்ச நேரத்தில் பால் தயிர்போல இறுகத் தொடங்கும். அது முழுக்க இறுகும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருக்க வேண்டும், தொடக்கூடாது. அவ்வளவுதான் பாடம்.

சொல்வதற்கு எளிது. ஆனால் பன்னிரண்டு வயதில், கண்ணெதிரே ஒரு பொருள் மெதுவாக மாறிக்கொண்டிருக்கும்போது, இறுகிவிட்டதா என்று ஒரு விரலால் அழுத்திப் பார்க்காமல் இருப்பது பெரிய வேதனை. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றுவிடும்.

“பாலு பொய் சொல்லாது. யாரு அவசரக்காரன்னு அதுவே காட்டிக் குடுத்துரும்,” என்பார் வாத்தியார்.

விரல் பதிந்த ரப்பரைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, கீழே சுண்ணாம்புக்கட்டியால் பெயரை எழுதுவார். ஒன்பது வாரங்களில் அந்தச் சுவரில் பதினான்கு ரப்பர்கள் தொங்கின. நான்கு என்னுடையவை. ஐந்தாவது மாட்டுவதற்குள் வாத்தியார் எனக்கு வேறு வேலை கொடுத்தார். “இவன் கை சும்மா இருக்காது. கையையும் வாயையும் வேலைக்கு வுடலாம்,” என்று சொல்லி, எல்லா மங்குகளிலும் ஆசிட் தண்ணீர் ஊற்றுவதையும், ஆயிரம் வரை சத்தமாக எண்ணுவதையும் என்னிடம் ஒப்படைத்தார். பள்ளிக் கடிகாரம் என்றோ நின்றுபோயிருந்ததால் நான்தான் கடிகாரம். அன்றிலிருந்து தோட்டத்தில் எனக்குப் பெயர் ‘ஒன்னுரெண்டு’.

அஞ்சலையின் பெயர் அந்தச் சுவரில் ஒருமுறைகூட ஏறவில்லை. ஏழாம் லயத்துக் கடைசி வீடு அவளுடையது. அப்பா இல்லை, அம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர். அஞ்சலை மடியில் கையை வைத்தால், அது அவளுடைய கையல்ல, யாரோ வைத்துவிட்டுப் போனது என்று தோன்றும். “அஞ்சலையப் பாருங்க,” என்று வாத்தியார் ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஒன்பது வாரம், ஒன்பது முறை. நான் அதையும் எண்ணினேன்.

பத்தாவது வெள்ளிக்கிழமை தோட்டத்து ஆபீசுக்கு அடையாளக் கார்டு வேன் வந்தது. பன்னிரண்டு வயதானவர்களைப் படம் பிடித்து, விரல்ரேகை எடுத்துப் பதிவார்கள். லயத்திலேயே பிறந்து, பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்டுப்போன பிள்ளைகள் எங்களில் ஐந்து பேர். அவர்களுக்காகத் தோட்டத்துக் கிராணியும், பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் வேனுக்குப் பக்கத்திலேயே நின்று, இந்தப் பிள்ளை இங்கேதான் பிறந்தது என்று சாட்சி சொல்ல ஏற்பாடாகியிருந்தது. அந்த ஐவரில் அஞ்சலை ஒருத்தி. அவளுடைய அம்மா அந்த வாரத்தில் மூன்று முறை பள்ளிக்கு வந்து, “மறந்துராதீங்க வாத்தியாரே, நான் மேட்டுக் காட்டுல மரம் வெட்டிக்கிட்டு நிப்பேன், நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போவணும்,” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அஞ்சலை தலை நிறைய எண்ணெய் வைத்து, பச்சை கவுன் போட்டு வந்திருந்தாள்.

நான் பதினாறு மங்குகளில் ஒரு கரண்டி வீதம் ஆசிட் தண்ணீர் விட்டேன். அஞ்சலையின் மங்குக்கு வந்தபோது வெறும் கரண்டியைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்தேன்.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அவள்மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் அவள் விரலும் ஒருமுறை தொங்கட்டும், ஒரே ஒரு முறை என்று நினைத்தேன். மற்றவர்களுடைய பால் இறுகி, தன்னுடையது மட்டும் இறுகாவிட்டால், யாராக இருந்தாலும் விரலை விட்டுப் பார்க்கத்தானே செய்வார்கள்?

ஆயிரம் எண்ணி முடித்தேன். பதினாறு மங்குகளில் பால் இறுகியிருந்தது. அவளுடையது பாலாகவே இருந்தது. அவள் தொடவில்லை.

வேனில் மலாய் மொழியில் விண்ணப்பப் பாரம் எழுதிக்கொடுக்க வாத்தியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சைக்கிளைப் பிடித்தபடியே வாசலில் நின்று, “இறுகினவங்க வேனுக்குப் போங்க. இறுகாதவங்க இறுகினதும் வாங்க,” என்று சொல்லிவிட்டு, யாருடையது இறுகவில்லை என்று பார்க்காமலே போய்விட்டார். எங்களுக்கு அவசரம் கூடாது என்று கற்றுக்கொடுத்தவர், அன்று அவசரத்தில் இருந்தார்.

“அஞ்சலை வூட்டுப் பாலுக்கும் பொறுமை ஜாஸ்திலா,” என்று ஒருவன் கேலி செய்தான்.

“போங்கடா, வாரேன்,” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, “ஒன்னுரெண்டு, எனக்கு ஒரு எடம் புடிச்சி வையி,” என்றாள்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றேன். பின்னால் இருந்தவன் இரண்டு முறை தள்ளினான். மூன்றாம் முறை அந்த இடைவெளி மூடிக்கொண்டது. நான் வரிசையை எண்ணினேன். பதினாறு. மறுபடியும் எண்ணினேன். பதினாறு. வாத்தியார் உட்கார்ந்திருந்த மேசை என்னிடமிருந்து முப்பது அடிகூட இருக்காது. போய், “சார், அஞ்சலை வரல,” என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். ஏன் வரவில்லை என்று அவர் கேட்பார். கேட்டால் கரண்டியைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். இப்போது எழுந்து வந்துவிடுவாள், இதோ இப்போது என்று பள்ளிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது. விரலில் கறுப்பு மை தடவினார்கள்.

கடைசியில் வேன்காரர், “வேற யாரும் இருக்கா?” என்று கேட்டார். வாத்தியார் பாரத்திலிருந்து தலையைத் தூக்காமல், “அவ்வளவுதான்,” என்றார். நான் கால்சட்டையில் மையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். வேன் அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேதான் நின்றது.

அது போன பிறகு பள்ளிக்கு ஓடினேன். அஞ்சலை அதே பெஞ்சில், கை மடியில் இருக்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாலில் ஓர் எறும்பு மிதந்தது.

“நீ ஆயிரத்தோட நிறுத்திட்ட,” என்றாள். “அப்புறம் நானே மனசுக்குள்ள எண்ணுனேன். ஆறாயிரத்துக்கு மேல கொழம்பிப் போச்சு. வேன் நிக்கிதுதானே?”

“போயிருச்சு.”

அவள் அழவில்லை. மங்குப் பாலைப் பார்த்தாள். “என் பாலு இன்னும் இறுகல. வாத்தியாரு ஏசுவாரா?” என்று கேட்டாள்.

அவள் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனபோது, விடாமல் போன அந்தக் கரண்டி ஆசிட் தண்ணீரை விட்டேன். திங்கட்கிழமை அந்த மங்கிலிருந்து, விரல் படாத, வெள்ளை வெளேரென்ற ரப்பரை வாத்தியார் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். அவள் வேனைத் தவறவிட்டது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. முகம் கறுத்துத்தான் இருந்தது. ஆனாலும், “அடுத்த வேன் வரும். பொறுமையா இரு,” என்றார்.

அடுத்த வேன் இரண்டு வருடம் கழித்து வந்தது. அதற்குள் மருத்துவச்சி கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். கிராணி வேறு தோட்டத்துக்கு மாறிப்போனார். சாட்சி சொல்ல யாருமில்லை. அஞ்சலைக்கு இருபதாவது வயதில் கிடைத்தது சிவப்புக் கார்டு. இங்கேயே பிறந்தும் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்று சொல்லும் கார்டு. என்னுடையது நீலம். அவள் வாழ்க்கையில் நடக்காமல் போனதற்கெல்லாம் அந்தக் கார்டு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனபோது அதைக் காட்டச் சொன்னார்கள், வேலை கிடைக்கவில்லை. ஓட்டுப் போடும் நாளில் அவள் வீட்டிலிருந்து மற்றவர்கள் போவார்கள், அவள் சமைத்துக்கொண்டிருப்பாள். குடியுரிமைக்குப் போன மாதம் வரை ஆறு முறை மனு போட்டாள். நான்கை நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

அந்தப் பாரத்தில் பதிவு தாமதமானதற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் உண்டு. நான்கு முறையும் அதில் தாயின் அறியாமை என்றே எழுதினேன். மூன்று முறை பள்ளிக்கு நடந்து வந்து கேட்ட அம்மாவைப் பற்றி.

இரண்டு வாரத்துக்கு முன், ஏழாவது மனு எழுத ஒரு மாமாக் தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்தோம். எவ்வளவு நேரம் என்று ஞாயிறு வகுப்பில் அந்தப் பெண் பிள்ளை கேட்ட கேள்வி என் காதிலேயே இருந்தது. கட்டத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதி, அஞ்சலைக்கு வாசித்துக் காட்டினேன். கரண்டி, வரிசை, பதினாறு, அரை மணி நேரம், எல்லாம். அவள் தேத்தண்ணீர்க் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். நான் நாற்பத்தேழு வரை எண்ணினேன்.

“அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பேன்லா,” என்றாள். “அந்தத் தூரம் எனக்கு ஒரு தூரமா?”

நான் பேனாவை மூட, அவள் பாரத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“இப்படி எழுதுனா கார்டு கெடைக்குமா?”

“தெரியாது. கேள்வி கேப்பாங்க. இன்னும் இழுத்தாலும் இழுக்கும்.”

“அப்ப கிழிச்சிப் போடு. பழைய மாதிரியே எழுது.”

“உங்கம்மா மேல பழி வருதே அஞ்சலை.”

“அம்மாதானே. அது பொறுத்துக்கும்,” என்றாள்.

கிழித்துவிட்டு, தாயின் அறியாமை என்று ஐந்தாவது முறையாக எழுதினேன். பாரத்தில் இடமில்லாமல் போனதைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. மரங்களை வெட்டி, மண்ணை நிரவி, இரட்டை மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். பள்ளி இருந்த இடம் எது என்று போன வருடம் போய்த் தேடினேன். ஸ்டோரிலிருந்து இருநூற்றுப் பத்து அடி என்பது எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் ஸ்டோரே இல்லை. பதினான்கு ரப்பர் தொங்கிய சுவரும், பன்னிரண்டு வயதில் எங்கள் விரல் எப்படியிருந்தது என்று காட்டிய அந்தக் குழிகளும் போய்விட்டன. மாணிக்கம் வாத்தியார் இறந்து எவ்வளவோ காலமாகிறது. அன்று வரிசையில் நின்ற பதினாறு பேரில் நாங்கள் ஐந்து பேர் மிச்சம். அஞ்சலையைச் சேர்க்காமல்.

போன செவ்வாய்க்கிழமை மனுவைக் கொடுத்துவிட்டு வந்தோம். எங்கள் எண் 1047. கவுண்டரில் இருந்த பெண், கடிதம் வரும், காத்திருங்கள் என்றாள். அஞ்சலை ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். வெளியே படியில் இறங்கும்போது, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்ப எண்ணுலா, ஒன்னுரெண்டு,” என்றாள். “இந்த வாட்டி ஆயிரத்தோட நிறுத்திராதே.”