'போடாதே' என்று சொல்லாத கம்பெனி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் 'நில்லு அண்ணன்' என்று பெயர். வைத்ததில் நியாயம் உண்டு. அங்கே வேலை நடக்கும்போது 'போடாதே' என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டம் வந்ததே அவரால்தான்.

ஒருவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்ப்பார். இன்னொருவர் மொட்டைமாடி அறையில் மெயின் சுவிட்சின் பக்கத்தில் நிற்பார். நடுவில் வாக்கிடாக்கி. கீழே இருப்பவர் 'போடாதே' என்று கத்திவிட்டு அவசரத்தில் பொத்தானை விட்டாரானால், கடைசி எழுத்தை அந்தச் சனியன் விழுங்கிவிடும். கரகரப்பில் மேலே போய்ச் சேருவது 'போடுடா' மாதிரிதான் இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் அவருடைய இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இனிமேல் 'போடு', 'நில்லு', இரண்டே சொல். மேலே கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கீழேயிருந்து 'ஆமா' வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம்.

அதற்குப் பிறகு அங்கே ஒருவனுக்கும் கீறல்கூட விழவில்லை. முதலாளி சும்மா இருப்பாரா? வெளியே மூச்சு விட மாட்டோம் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தொழில் ரகசியமாம், வெங்காயமாம்! மெக்கானிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டிலும் அவருக்கு 'நில்லு'தான். "கல்யாணத்தன்னிக்கு இந்த 'நில்லு'வை யாராவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்பாள் மனைவி.

அவருடைய தங்கை புருஷனுக்கும் இதே தொழில்தான், ஆனால் போட்டிக் கம்பெனியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன் கேட்டான்.

"மச்சான், உங்க ஆளுங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆக மாட்டேங்குதே, அப்படி என்னதான் வித்தை?"

"அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது மாப்ளே. கையெழுத்து போட்டிருக்கேன்" என்று சிரித்தார். அவனும் சிரித்துவிட்டு, "நல்லா இருங்க" என்றான்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் கூண்டின் மேல் நின்றவன் 'போடாதே' என்று கத்தினான். மொட்டைமாடியில் இருந்தவன் சுவிட்சைப் போட்டுவிட்டான். அவ்வளவுதான், மாப்பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். பாவி மனுஷன், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அதை மெக்கானிக்கிடம் யாரும் கேட்கவில்லை. அவரே கேட்டுக்கேட்டுத் தூக்கத்தைத் தொலைத்தார்.

காரியமெல்லாம் முடிந்ததும் முதலாளியின் அறைக்குப் போனார். "இதை எல்லாக் கம்பெனிக்கும் சொல்லிடலாங்க."

"நம்ம சோத்துல நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கறதா?"

"இனிமே வர்ற பெரிய கட்டடத்துல ரெண்டு கம்பெனி ஆளும் சேர்ந்துதானே நிக்கப் போறோம்? மேல அவங்க ஆளு, கீழ நம்ம ஆளு. அவனுக்குப் புரியாத சொல்லை நான் தொண்டை கிழியக் கத்தி என்ன பிரயோஜனம்? அடுத்தது நம்ம பையனாத்தான் இருப்பான்."

முதலாளி பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "சரி, சின்னப் புத்தகமா அச்சடிச்சுக் குடுத்துடுவோம்" என்றார் கடைசியில். "ஆனா முதல் பக்கத்துல, பதினோரு வருஷமா நாங்க இப்படித்தான் வேலை செய்யறோம்னு பெரிசா போடணும். நம்ம பேராவது நிக்கட்டும்."

மெக்கானிக்குக்கு அந்த முதல் பக்கம்தான் உறுத்தியது. புத்தகம் போட்டிக் கம்பெனிக்குப் போனால் அங்கிருந்து தங்கையின் கைக்கு வர எத்தனை நாள் ஆகும்? யாரோ சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிட நாமே சொல்லிவிடுவோம் என்று முதல் பிரதியை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் விரல் வைத்துப் படித்தாள். முதல் பக்கத்திலேயே விரல் நின்றுவிட்டது.

"பதினோரு வருஷமாவா அண்ணே?"

"ஆமாம்மா."

"அவரு உன்கிட்ட கேட்டாரா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். தெரிந்த இன்னொரு ஆள் உயிரோடு இல்லை. பொய் நுனிநாக்கு வரைக்கும் வந்தும்விட்டது. இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"சிரிச்சேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தாள்.

"எல்லாருக்கும் குடுண்ணே. ஒரு கம்பெனி விடாம, ஒரு ஆளு விடாம குடு. இந்த வீட்டுக்கு மட்டும் இனிமே வர வேண்டாம்."

அவர் எழுந்தார். வாசல்வரைக்கும் அவள் கூட வரவில்லை.