அப்பா சட்டை போட்டுக்கொண்ட நாட்கள்

முதல் தடவை வீடு ஆடியபோது அது நிலநடுக்கம் என்று எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குத் தங்கள் உடம்பைத்தான் சந்தேகப்பட்டார்கள். எதிர்வீட்டு அங்கிள் பிரஷர் ஏறிவிட்டது என்று மாத்திரையை எடுத்து விழுங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், தன் பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியதைப் பார்த்து, வீட்டில் ஏதோ நுழைந்துவிட்டது என்று ஓத ஆரம்பித்துவிட்டார். அரிசி களைந்துகொண்டிருந்த என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, அதான் கிறுகிறுங்குது" என்றாள். அப்பா மட்டும்தான் அண்ணாந்து பார்த்தார். நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி தானாக அசைந்துகொண்டிருந்தது.

மலேசியாவில் நிலநடுக்கம் வராது என்பது பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பாடம் பொய்யில்லை. ஆடியது சுமத்ரா. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் பெரிதாகக் குலுங்கினால், இந்தப் பக்கம் தரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும். உயரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிடைக்கும். அங்கே வீடுகள் இடிந்து மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்தது அதன் மிச்சம்.

நாங்கள் குடியிருந்தது செராஸில், மலிவு விலை வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தின் பதினான்காவது மாடியில். சீனர்களுக்கு நான்கு ராசியில்லாத எண் என்பதால் லிஃப்டில் அதை 13A என்று எழுதியிருந்தார்கள். எழுத்தை மாற்றியதால் உயரம் குறைந்துவிடவில்லை. அப்பா கிள்ளான் துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டியவர். இனிப்புநீர் வியாதி முற்றி, முந்தின வருடம்தான் அவருடைய இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள். அம்மா ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் வேலை செய்தாள். எனக்கு ஒன்பது வயது. என் அப்பாவைப் போல ஒரு ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்பது அப்போது என் கொள்கை.

விஷயம் என்னவென்று தெரிந்ததும் கட்டடமே கத்தியது. லிஃப்டில் போகக் கூடாது என்று யாரோ சொல்ல, அத்தனை பேரும் படிக்கட்டில் இறங்கினார்கள். எதிர்வீட்டு அங்கிள் மூன்று பேரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அப்பாவைச் சக்கர நாற்காலியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, நாற்காலிக் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கினார்கள். எனக்கு அது ஏதோ சாமி புறப்பாடு மாதிரி இருந்தது. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பெருமையாக முன்னால் நடந்தேன்.

எட்டாவது மாடித் திருப்பத்தில் ஒருவருக்குக் கை வழுக்கி நாற்காலி சாய்ந்தது. அப்பாவின் கைலி அவிழ்ந்துவிட்டது. வீட்டில் எப்போதும் அவர் வெறும் உடம்போடு கைலி மட்டும்தான் கட்டியிருப்பார். அன்றும் அப்படியேதான் தூக்கி வந்திருந்தார்கள். மேலேயும் கீழேயும் ஜனம். அப்பா நாற்காலியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, விழுந்தாலும் பரவாயில்லை என்பது போல இரண்டு கையாலும் தன்னை மூடிக்கொண்டார். ஆன்டிகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அம்மா ஓடிப்போய்க் கட்டிவிட்டாள். "சீக்கிரம் லா, சீக்கிரம்! பின்னால ஆளு நிக்கிது!" என்று மேலேயிருந்து ஒருவர் கத்தினார்.

கீழே கார் நிறுத்துமிடம் திருவிழாவாகியிருந்தது. அவசரத்தில் ஒருவர் ரைஸ்குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், சோற்றோடு. மீகோரிங் நூடுல்ஸ் கடைக்காரருக்கு அன்றைக்கு நடந்த வியாபாரம் வருடத்தில் ஒருநாளும் நடந்திருக்காது. "இன்னும் பெரிசா ஒண்ணு வருதாம்" என்று கைப்பேசியில் வந்த செய்தியை ஒருவர் இன்னொருவருக்குக் காட்ட, அவர் அதையே திரும்ப இவருக்கு அனுப்பினார். அப்பாவின் நாற்காலியைக் குப்பைத் தொட்டிப் பக்கம், கூட்டமில்லாத இடமாகப் பார்த்துப் போட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரைப் பார்த்து ஒரு "பாவம்" சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா கைலி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை குளித்ததும் அப்பா அம்மாவிடம் சட்டை கேட்டார். நீலக் கட்டம் போட்ட சட்டை, துறைமுகத்தில் சம்பளம் வாங்கப் போகிற நாளில் போட்டுக்கொள்வது. கைலிக்கு மேலே லோரி ஓட்டிய காலத்து அகலமான பச்சை பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சட்டைப் பையில் ஐசி அடையாள அட்டையை வைத்துக்கொண்டார். நான் சிரித்தேன்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"யாராச்சும் வந்தா மரியாதையா இருக்க வேணாமா?" என்றார்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எழுந்ததும் சட்டை, படுக்கப் போகும்வரை சட்டை. அந்தப் புழுக்கத்தில் கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டும். கழற்றமாட்டார்.

அன்று மத்தியானமே மறுபடியும் ஆடியது. எதிர்வீட்டு அங்கிள் வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை கூட ஒருவர்தான் இருந்தார். முதல்நாள் தூக்கியவர்களில் இரண்டு பேர் குடும்பத்தோடு கிள்ளானுக்கு, தரைவீட்டில் குடியிருக்கும் சொந்தங்களைத் தேடிப் போய்விட்டார்கள்.

"அண்ணே, வாங்க. தூக்கிடறோம்."

"நான் வரல தம்பி. எல்லாரும் கீழ போயிட்டா வீட்ட யாரு பாக்கறது? திருடன் வந்தா? நீங்க போங்க, புள்ளைங்க நிக்கிது பாருங்க."

அங்கிள் இன்னொரு முறை கூப்பிடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள். அம்மா அசையாமல் நின்றாள். "நானும் இருக்கேங்க" என்றாள். "புள்ளய யாரு கூட்டிட்டுப் போறது? போ" என்று அப்பா அதட்டினார். அம்மா படியில் இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் திரும்பவில்லை. கீழே போய் மற்ற பிள்ளைகளிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு பெரிய செய்தி இருந்தது. "எங்கப்பா வரல. எங்கப்பாவுக்கு பயமே கிடையாது!"

அந்த வாரம் முழுக்க விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஜனங்களுக்குப் பயம் போய் எரிச்சல் வந்தது, எரிச்சல் போய்ப் பழக்கம் வந்தது, பிறகு சற்றுப் பலமாக ஆடியதும் மறுபடி பயமே வந்தது. சிலர் ராத்திரி காரிலேயே படுத்தார்கள். கட்டடம் சாய்ந்துவிட்டதா என்று பார்க்க, பையன்கள் நடைபாதையில் கோலிக்குண்டை வைத்தார்கள். அது உருண்டது. உடனே மூன்று குடும்பங்கள் மூட்டை கட்டின. கட்டிய நாளிலிருந்தே அந்த நடைபாதையில் எல்லாம் உருளும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்பா எங்களை அனுப்பிவைத்தார். ஒவ்வொரு தடவையும் நான் கீழே போய் அவருடைய துணிச்சலைப் பிரசங்கம் செய்தேன்.

இருந்ததிலேயே பெரிய ஆட்டம் வந்தபோது நானும் அம்மாவும் வீட்டில் இல்லை. சாயங்காலம், கட்டடத்துக்கு எதிரே போடுகிற பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். தரையில் இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தபோது, எங்கள் கட்டடத்து வாசலிலிருந்து ஜனம் பீறிட்டு வந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் காலில் செருப்பில்லை. அம்மா காய்கறியைப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். படிக்கட்டு வாயில் அடைத்துக்கொண்டிருந்தது. இறங்குகிறவர்களை மீறி ஏற முடியவில்லை. பிறகு காவலாளி குறுக்கே நின்று, மேலே காரை பெயர்ந்து விழுகிறது, யாரும் போகக் கூடாது என்று தடுத்தார்.

"எங்க வீட்டுக்காரரு மேல இருக்காரு! காலு இல்லாதவரு! விடுங்கண்ணே!"

"கொஞ்சம் பொறுங்க லா அக்கா. ஆட்டம் நின்னதும் நானே விடறேன்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவளைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "அப்பா பயப்படமாட்டாரும்மா. அவருக்கு நெலநடுக்கம்னா ஒண்ணுமே இல்ல" என்றேன். அம்மா என்னைப் பளார் என்று அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை. நல்லதைத்தானே சொன்னோம் என்று எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது.

காவலாளி விட்டதும் அம்மாதான் முதலில் ஏறினாள். பின்னால் நான், எங்களுக்குப் பின்னால் மொத்த ஜனமும். ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் அம்மா நின்றுவிட்டாள்.

அங்கே அப்பா உட்கார்ந்திருந்தார். நீலக் கட்டச் சட்டை, இறுக்கிய பெல்ட், ஒற்றைக் காலில் செருப்பு. அவரைச் சுற்றிச் சுவரோரமாக வரிசையாக ஜோடி ஜோடியாகச் செருப்புகள். சிலிப்பர், குதிகால் செருப்பு, பள்ளிக்கூடச் சப்பாத்து, ஒரு குழந்தையின் மிதியடி. மடியில் இன்னும் ஜோடி சேராத நாலைந்து.

அம்மாவைப் பார்த்ததும் சிரித்தார். "படியெல்லாம் சிலிப்பரா கெடந்துச்சு. யாராச்சும் தடுக்கி விழுந்துடப் போறாங்கன்னு அடுக்கி வைக்க வந்தேன்." பிறகு பின்னால் ஏறி வந்தவர்களைப் பார்த்து ஒரு செருப்பைத் தூக்கிக் காட்டிக் குரல் கொடுத்தார். "யாரோடது? வாங்க, வாங்க, வந்து எடுத்துக்குங்க லா!"

யாரோ ஒருவர், "என்ன பாஸ், சிலிப்பர் கடை போட்டுட்டீங்களா?" என்றார். எல்லோரும் பெரிதாகச் சிரித்தார்கள், தேவைக்கு மேலேயே பெரிதாக. நானும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கடை நடத்தினேன். ஒவ்வொருவராகக் குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஓர் ஆன்டி, தன்னுடைய செருப்பை அப்பா எடுத்துக் காட்டியும், என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். பிடிக்காத செருப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டி ஓடியவர்கள். பதினான்காவது மாடியிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக அவர் இறங்கிக்கொண்டிருந்தபோது, சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்ட அந்த மனிதரின் தோளுக்கு மேலேயும் காலுக்கு மேலேயும் பாய்ந்து போனவர்கள். அவர்களுக்கும் தனக்கும் சேர்த்து அவர் கண்டுபிடித்த சாக்குத்தான் அந்தக் கடை. இதெல்லாம் நான் வெகுகாலம் கழித்து, பெட்டாலிங் ஜெயாவில் என் அலுவலகக் கட்டடம் ஆடி, நானும் நாற்பது பேரோடு படியில் முண்டியடித்து இறங்கியபோது புரிந்துகொண்டது. அன்றைக்கு நான் பார்த்தது, அம்மா அப்பாவின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பியதையும், அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டதையும்தான்.

எதிர்வீட்டு அங்கிள் கடைசியாக ஏறிவந்தார். அப்பாவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார். ஐந்து மாடியும் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். மேலே படிக்கட்டு வாசலில் சக்கர நாற்காலி பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. அங்கிளின் முகம் நனைந்திருந்தது. இவ்வளவு வியர்த்திருக்கிறதே, பிரஷருக்கு ஆகாதே என்று நான் கவலைப்பட்டேன். அப்பாவின் கைலி பின்பக்கம் தேய்ந்து நூல் நூலாகியிருந்தது. எப்படிக் கிழிந்தது என்று கேட்டதற்கு அம்மா, "பழைய கைலி" என்றாள். அது தீபாவளிக்கு வாங்கியது.

சில நாள் கழித்து மின்விசிறி மறுபடியும் அசைந்தபோது எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அங்கிளும் குடும்பத்தோடு கிளம்பிப் போயிருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா வழக்கம் போல, "போங்க, போங்க" என்றார். அம்மா எழுந்து என்னை மாக்சிக்கிடம் கொண்டுபோய் விட்டாள். அவர் ஒரு கையில் பூனை, மறு கையில் நான் என்று பிடித்துக்கொண்டார். அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நான் "அம்மா வா, அம்மா வா" என்று பதினான்கு மாடியும் கத்திக்கொண்டே இறங்கினேன். கீழே நின்று எங்கள் ஜன்னலைத் தேடினேன். எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இருந்தது. என்னை விட அவளுக்கு நெத்திலிதான் பெரிது என்று அன்றைக்கு அவளை மனதார வெறுத்தேன்.

திரும்பி வந்து கதவைத் தட்டியதும் அம்மா திறந்தாள். பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பாவும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பழையபடி வெறும் உடம்பு. நீலக் கட்டச் சட்டை ஆணியில் தொங்கியது. அதன் மேலே பெல்ட்டைச் சுருட்டி மாட்டியிருந்தது. இரண்டு பேரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அப்பா நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

அப்படியென்றால் ரேடியோவில் சொல்லியிருக்க வேண்டும், எல்லாம் முடிந்துவிட்டது என்று. எனக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மாக்சிக், இனிமே நெலநடுக்கம் வராது! எங்கப்பா சட்டையக் கழட்டிட்டாரு!" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

மாக்சிக் பூனையைக் கீழே இறக்கிவிட்டு, நெஞ்சில் கைவைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.