ஊருக்கே எலுமிச்சை பிடித்துப் போன கதை

அந்தக் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: பில் போடுவது. மற்றவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும். மேனேஜருக்குக்கூட நாற்காலி கிடையாது, கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் உண்டு.

மின்னல் அக்கா அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் வருடக்கணக்காக ராக்குகளில் சாமான் அடுக்கியவர். ஏணியில் ஏறி இறங்கி இரண்டு முழங்காலும் கதறத் தொடங்கின. அவர் மாடிக் கிடங்குக்குப் போகும்போது படிகள் சத்தம் போடுகின்றனவா, முழங்கால்கள் போடுகின்றனவா என்று கீழே பந்தயம் கட்டுவார்கள். பில் போடுகிற பெண் கல்யாணமாகிப் போனதும் நாற்காலி காலியானது. யார் வேகமோ அவருக்கே இடம் என்றார்கள். அக்கா அன்று காட்டிய வேகத்தில்தான் அந்தப் பெயர் வந்தது. வைத்த பெயர் மறந்தே போயிற்று, புருஷனும் இப்போது மின்னல் என்றுதான் கூப்பிடுகிறார்.

சாமானை வைத்துவிட்டுப் பையை விரிப்பதற்குள் பில் கையில் இருக்கும். ஒருவர் கடைக்குள் நுழையும்போதே அவருக்குப் பில் நீட்டிவிட்டார் என்றும் சொல்கிறார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை. அவர் கூடையையாவது எடுத்திருப்பார்.

அந்த வேகத்தைக் கெடுத்தது சோப்பு. ரோஜா, மல்லிகை, எலுமிச்சை என்று மூன்று வாசம், மூன்றும் ஒரே விலை. ரோஜா, மல்லிகை உறைகள் கசங்கிக்கொண்டு வரும். ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சம் உறைமேல் அச்சிட்ட கறுப்புக் கோடுகளைப் படிக்காமல் முறைக்கும். எலுமிச்சை உறை மட்டும் இஸ்திரி போட்டது போல இருக்கும். எனவே அக்கா ஒரு எலுமிச்சை சோப்பைக் கவுண்டரிலேயே நிரந்தரமாகக் குடிவைத்தார். யார் எந்தச் சோப்பை எடுத்து வந்தாலும் எண்ணிக்கை பார்ப்பார், எலுமிச்சையை அத்தனை தடவை காட்டுவார். பீப், பீப், பீப். காசில் ஒரு பைசா தப்பு வராது.

முன்பெல்லாம் மேனேஜர் ராக்கைப் பார்த்து என்ன வேண்டுமென்று எழுதி அனுப்புவார். பிறகு தலைமை அலுவலகம் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. இனி யாரும் எதையும் பார்க்க வேண்டாம், எழுத வேண்டாம், எது விற்கிறதோ அது தானாகவே லாரி ஏறி வரும் என்றார்கள்.

வந்தது. முதல் வாரம் எலுமிச்சை. அடுத்த வாரம் எலுமிச்சை. அதற்கடுத்த வாரம் லாரி முழுக்க எலுமிச்சை.

ரோஜா தீர்ந்தது, மல்லிகை தீர்ந்தது, ஊரே எலுமிச்சையில் குளித்தது. பேருந்தில் ஏறினால் பழ மூட்டைக்குள் இறங்கியது போல இருக்கும். மோப்பத்தை நம்பிப் பிழைக்கும் நாய்கள் எசமான் யார், அந்நியன் யார் என்று தெரியாமல் பாதி குரைத்துப் பாதி வாலாட்டின. பல் மருத்துவரின் மனைவி ஒரு நாள் கூட்ட நெரிசலில் வேறொருவர் கையைப் பிடித்துக்கொண்டு நாலு தெரு நடந்துவிட்டார். கையைக் கொடுத்தவர் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஊர் பொறுத்தது. அக்காவின் மாமியார் பொறுக்கவில்லை. ரோஜா சோப்பு வரும்வரை குளிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்.

"அத்தை, இன்னைக்காவது குளிங்களேன்."

"ரோஜா வந்துச்சா?"

"வரல."

"அப்ப நானும் வரல. கடைக்குள்ளயே குந்தியிருக்கிற மருமகளுக்கு ஒரு சோப்பு கொண்டு வரத் துப்பில்ல. கடல்ல நின்னுக்கிட்டுக் கால் கழுவத் தண்ணி தேடுற ஆளு நீ!"

புருஷனுக்கு அந்த வாரம் ஜலதோஷம். வீட்டில் நிம்மதியாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அக்கா மேனேஜரைப் பிடித்தார். தனியாக இருக்கும்போது அவர் தம்பி, ஆட்கள் முன்னால் சார்.

"தம்பி, ரோஜா சோப்பு ஏன் வரமாட்டேங்குது?"

"இருக்கேக்கா. நிறைய இருக்கு."

"எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல."

"அதத் தேய்ச்சுக் குளிக்க முடியுமா?"

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க பீப்னு அடிக்கிறீங்கல்ல, அதுதான்க்கா நேரா தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகுது. ரோஜா ஒண்ணுகூட விக்கல, அப்படியே கெடக்குன்னு அது நம்பிக்கிட்டிருக்கு. எந்தக் கடைக் கவுண்டர்லயோ தப்பா அடிக்கிறாங்களாம். மேலேருந்து ஒரு அதிகாரி வர்றார். மாட்டுறவங்க திரும்ப ராக்குக்குத்தான்."

அக்கா எலுமிச்சை சோப்பைப் பார்த்தார். அது அப்பாவியாக உட்கார்ந்திருந்தது. மேசைக்கு அடியில் முழங்கால்கள் தாமாகவே ஒரு தரம் முனகின.

உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் வீட்டில் இருக்க முடியாது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை கேட்டிருக்கிறோம். நாற்காலியை நம்பி மாமியாரைக் கைவிடலாமா?

அன்று சாயங்காலம் மாமியாரின் துணி அலமாரியைத் திறந்தார். வாசத்துக்காகப் புடவைகளுக்கு நடுவே மாமியார் சோப்பு உறைகளைச் செருகி வைப்பது வழக்கம். புடவைகளின் கனத்தில் ஒரு ரோஜா உறை சுருக்கமே இல்லாமல் படிந்து கிடந்தது. மறுநாள் கவுண்டரிலிருந்து எலுமிச்சை காலி செய்தது, ரோஜா உறை குடிவந்தது. ஊர் எலுமிச்சை வாங்கியது. அக்கா ரோஜா என்று அடித்தார். கம்ப்யூட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் ரோஜா லாரி வந்தது. மாமியார் குளித்தார். தெருவே மூச்சு விட்டது.

லாரிக்குப் பின்னாலேயே அதிகாரியும் வந்து சேர்ந்தார். கையில் பலகை மாதிரி ஒரு திரை. அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கம்மா" என்றார்.

பின்னால் யமன் நிற்கும்போது யார் பாட்டுக்கு வேலை பார்ப்பது? அக்கா ரோஜா உறையை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். முதலில் வந்தவர் விடுதிக் காப்பாளர். இரண்டு கூடை சோப்பு, ராக்கின் மூலையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பழைய மல்லிகை உட்பட மூன்று வாசமும் கலந்து. அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தார். ஒவ்வொரு சோப்பாக எடுத்தார், உறையை மடியில் வைத்து நீவினார், வெளிச்சத்தில் காட்டினார், திரும்ப நீவினார். வரிசை வாசலைத் தாண்டியது.

"என்னக்கா, மின்னல் மெழுகுவத்தி ஆயிடுச்சு?"

"மெழுகுவத்தியா? காத்துல அணைஞ்சே போச்சு!"

அதிகாரியின் திரை சிவந்தது. ஒரு பில்லுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தலைமை அலுவலகத்தில் அந்த நொடியே தெரியுமாம். அவருடைய தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. எடுத்துக் கேட்டார். முகமும் சிவந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"பில் போடுறேன் சார்."

"ஏன் ஒவ்வொண்ணா அடிக்கிறீங்க? எல்லாம் ஒரே விலதானே?"

"ஒரே விலதான் சார்."

"அப்புறம் என்ன? ஒண்ண எடுத்து, எத்தனை இருக்கோ அத்தனை தடவ அடிச்சு விடுங்க!"

அக்கா கையை நிறுத்தினார். "எத சார்?"

"எதையாவதும்மா! வரிசையப் பாருங்க!"

"நீங்க சொன்னாச் சரி சார்" என்ற அக்கா, பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்த மேனேஜரிடம் திரும்பினார். "சார், பெரிய சார் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?"

கேட்டது என்றார் மேனேஜர். வரிசைக்கும் கேட்டிருந்தது. அக்கா இழுப்பறையைத் திறந்து ரோஜா உறையை எடுத்தார். ஸ்கேனர் இடைவெளியில்லாமல் கூவியது. வரிசை கரைந்தது, திரை பச்சையானது.

அதிகாரியின் அறிக்கையில், இந்த ஊரில் மக்களின் ரசனை அடிக்கடி மாறுகிறது, பணியாளர் வேகம் மிகவும் திருப்தி என்று இருந்ததாம். நாற்காலிக்கு ஒரு மெத்தையும் சிபாரிசு செய்திருக்கிறார். மெத்தை வந்துவிட்டது.

ஊரில் சங்கதி தெரியாதவர் இப்போது யாருமில்லை. போன வாரம் எனக்கு முன்னால் நின்ற பல் மருத்துவரின் மனைவி கவுண்டரில் குனிந்து கெஞ்சினார்: "அக்கா, அடுத்த மாசமாவது மல்லிகை போடுங்களேன்."

அக்கா பில்லைக் கிழித்து நீட்டினார்.

"என் கையில என்னம்மா இருக்கு? அத்தையத்தான் கேக்கணும்."