இஸ்மே என்னைத் திட்டிய காலை

என் தங்கை இஸ்மே கெய்ட்டர் எங்கள் தீவுகளின் தலைநகரான நாசோவில் ஒரு பெரிய ஹோட்டலின் தொலைபேசி இணைப்புப் பலகையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள். 1971 மார்ச் எட்டாம் தேதி, திங்கட்கிழமை சேர்ந்தாள். நான் அப்போது தபால் படகில் சரக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் கேட் தீவிலிருந்து அவளை ஏற்றி வந்த படகும் அதுதான். அந்த வாரப் பட்டியலில் வெங்காய மூட்டை, இரண்டு ஆடு, ஒரு தையல் மிஷின், அதற்குக் கீழே 'பயணி: இஸ்மே கெய்ட்டர், ஒரு அட்டைப்பெட்டியுடன்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

எங்கள் ஊரான ஆரஞ்சு க்ரீக்கில் எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். எல்லோருக்கும் சேர்த்து காய்ந்த புல் அடைத்த ஒரே மெத்தை. அம்மா லியோத்தாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வீடோ கடையோ கோயிலோ, உள்ளே காலை வைத்தால் முதலில் குட் மார்னிங் சொல்ல வேண்டும். சொல்லாமல் நுழைந்தவனை எங்கள் ஊரில் யாரும் சும்மா விடுவதில்லை. அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்பாள்: "ஏன்டா, ராத்திரி என்கூடத்தான் படுத்திருந்தியோ?"

கூடப் படுத்து எழுந்தவனுக்கு மட்டும்தான் குட் மார்னிங் வேண்டாம் என்று அர்த்தம். அப்படிக் கேட்டால் வெளியே போய், படியில் நின்று, குட் மார்னிங் சொல்லி மறுபடி நுழைய வேண்டும்.

இஸ்மேக்கு ஆறு வயதிருக்கும்போது ஒருநாள் அவளும் மாட்டிக்கொண்டாள். அம்மாவைத் தவிர உள்ளே இருந்தவன் நான் மட்டும்தான். அம்மா அவளை வெளியே போகச் சொன்னாள்.

"அம்மா, இவன் ராத்திரி என்கூடத்தான் படுத்திருந்தான். இவன் காலு என் மூஞ்சி மேலதான் இருந்துச்சு. இவனுக்கு எதுக்கு நான் சொல்லணும்?"

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் இஸ்மேயை வெளியே அனுப்பினாள்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். வேகமாகப் பேசும்போது சாமான்களின் பெயரெல்லாம் அவளுக்குப் பின்தங்கிவிடும். பெயர் வாயில் வராத எதுவும் எங்கள் ஊரில் 'டிங்கம்'தான். அவளுக்கு உலகத்தில் பாதி டிங்கம். "அண்ணே, அந்த டிங்கத்தை எடுத்து இந்த டிங்கத்து மேல வை, பொங்குது பாரு!" என்பாள். நான் மூடியை எடுத்துச் சோளக்கஞ்சிச் சட்டியின் மேல் வைப்பேன். ஒருநாளும் தப்பாக வைத்ததில்லை.

ஹோட்டலில் இந்தப் பேச்சு ஆகாது என்றுவிட்டார்கள். மேற்பார்வைக்காரி அவள் முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து, வாய் எப்படிக் குவிய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று மூன்று மாதம் பழக்கினாள். நான்காவது மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி, எங்கள் ஊரில் இருந்த ஒரே தொலைபேசியிலிருந்து அந்த ஹோட்டலைக் கூப்பிட்டேன்.

"இனிய காலை வணக்கம். தாங்கள் யாருடன் பேச விரும்புகிறீர்கள், ஐயா?"

ஏதோ வெள்ளைக்காரச் சீமாட்டி என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டேன். "மார்னிங், அம்மா. இஸ்மே கெய்ட்டர்னு ஒரு பொண்ணு..." என்றேன்.

அடுத்த நொடி காது கிழிகிற மாதிரி, "மடோ! அண்ணே, நீயா? யாரை அம்மாங்கிற, மூளை கெட்டவனே! வீட்டுல என்ன ஆச்சு?"

மடோ என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'அடி ஆத்தே'. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் தரையில் நின்றது. அம்மா அந்த முறை பிழைத்துக்கொண்டாள்.

1980இல் ஒரு பெட்டி சப்போட்டாப் பழம் கொடுக்கப் போனபோது அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவள் வேலையைப் பார்த்தேன். "தங்கள் அழைப்பை இணைக்கிறேன், அம்மையீர். அருள்கூர்ந்து காத்திருங்கள்" என்று சொல்லி, பேசும் குழலை உள்ளங்கையால் பொத்தினாள். பெட்டி தூக்கும் ஆளைப் பார்த்து, "ஏய் கிளியோபஸ், என்னடா பல்லிளிச்சுட்டு நிக்கிற? அதைத் தூக்கினா முதுகு ஒடிஞ்சிருமா?" என்றாள். கையை எடுத்தாள். மறுபடியும் சீமாட்டி. ஒரு சொல்கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சிந்தவில்லை. அவள் எந்த நாட்டில் படித்தவள் என்று விருந்தாளிகள் கேட்பார்களாம். ஆரஞ்சு க்ரீக் பள்ளிக்கூடத்தில், மழை ஒழுகாத மூலையில் என்று நான் சொல்லியிருப்பேன்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாசோவிலேயே குன்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடு வாங்கினாள். படகு வேலையை விட்ட பிறகு நானும் இரண்டு தெரு தள்ளி வந்து குடியேறினேன். தினமும் காலை ஏழேகாலுக்கு அவள் வீட்டில் தேநீர், தேநீரோடு திட்டு.

போன பிப்ரவரி நான்காம் தேதி பக்கவாதம் வந்தது. வலக்கை போயிற்று, பேச்சும் போயிற்று. பக்கத்து வீட்டு ட்ரூசில்லா மங்கர் அவளைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து உதவினாள். நான் அதே ஏழேகாலுக்குப் போவேன். மார்னிங் சொல்வேன். இஸ்மே பார்ப்பாள், அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் நாள் மார்னிங் சொன்னதும் அவள் வாய் குவிந்தது.

"இனிய காலை வணக்கம், ஐயா. தாங்கள் யாருடன் பேச விரும்புகிறீர்கள்?"

ட்ரூசில்லா கரண்டியோடு ஓடிவந்தாள். "மடோ, மடோ! பேசிட்டா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதிகமாகச் சொன்ன சொற்கள் சில சமயம் முதலில் திரும்பும், மற்றவை வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

வரவில்லை. மார்ச் போய் ஏப்ரலும் போயிற்று. ஹோட்டலில் சொன்ன அந்த ஐந்தாறு வாக்கியங்களைத் தவிர வேறில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இஸ்மேகிட்ட பேசணும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அருள்கூர்ந்து காத்திருங்கள், ஐயா" என்றாள்.

தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை காத்திருந்தேன்.

"ஐயான்னு மரியாதையா கூப்பிடுறா. அதுவும் போதலையா உனக்கு?" என்றாள் ட்ரூசில்லா.

"எழுபது வருஷத்துல ஒரு தடவகூட அவ எங்கிட்ட மரியாதையா பேசினதில்ல, ட்ரூசில்லா. அதான் பயமா இருக்கு."

மே பதினேழாம் தேதி, முதல் மழை பெய்து நிலநண்டுகள் புதரைவிட்டு வெளிவந்திருந்த நேரம். ஊரிலிருந்து சித்தப்பா மகன் தபால் படகில் ஒரு சாக்கு நண்டு அனுப்பியிருந்தான். துறைமுகத்தில் வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு நேராக இஸ்மே வீட்டுக்கு வந்தேன். வாசலில் சாக்கின் அடி கிழிந்தது. மற்றவற்றை வாளிக்குள் தள்ளிவிட்டேன். ஒன்று, என் கை அகலம் இருக்கும், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு திறந்த கதவுக்குள் ஓடியது. பாட்கேக் என்று நாங்கள் சொல்லும் தெருநாய் ஒன்று குரைத்துக்கொண்டு பின்னால் ஓட, நாயை விரட்டிக்கொண்டு நான் ஓட, இஸ்மே நாற்காலியைத் தாண்டி மேஜைக்கு அடியில் முழங்காலில் விழுந்து அதன் முதுகைப் பிடித்தேன்.

தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தது.

"ஏன்... அண்ணே. ராத்திரி... என்கூடத்தான்... படுத்திருந்தியோ?"

நான் மேஜைக்கு அடியிலேயே இருந்தேன். அசைந்தால் அந்தக் குரல் போய்விடும் என்று பட்டது.

"காது கேக்கலையா? வெளிய போ. ஒழுங்கா வா. அந்த டிங்கத்தையும்... தூக்கிட்டுப் போ."

நண்டோடு வெளியே போனேன். படியில் நின்றேன். எழுபத்தைந்து வயதில், ஐந்து பேர் மெத்தையிலிருந்து எழுந்து வந்த பையன் மாதிரி நின்று, "மார்னிங், இஸ்மே" என்றேன்.

"மார்னிங், அண்ணே. நண்டு சோறா?"

"நண்டு சோறுதான்."

"தேங்காப்பால் ஊத்தச் சொல்லு. ட்ரூசில்லா... மிளகாய அள்ளிக் கொட்டிருவா."

"நான் எங்கடி கொட்டினேன்!" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. அன்று இஸ்மே இரண்டு தட்டு சாப்பிட்டாள். சாயங்காலம் நான் கிளம்பியபோது, "எங்கள் ஹோட்டலில் தங்கியதற்கு நன்றி, ஐயா" என்றாள்.

மறுநாள் மார்னிங் சொல்லி நுழைந்தேன். சீமாட்டிதான் இருந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் மார்னிங் சொன்னதும் அவள் பலகை முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அதைச் சொல்லாமல் போனால் ஆரஞ்சு க்ரீக்கில் இருக்கிறாள்.

மே இருபதாம் தேதியிலிருந்து நான் மார்னிங் சொல்வதில்லை. ஏழேகாலுக்குப் போகிறேன், ஒன்றும் பேசாமல் நுழைகிறேன், எதிரில் உட்கார்ந்து திட்டுக்காகக் காத்திருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். திட்டு விழுந்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு புள்ளி வைக்கிறேன். இதுவரை எண்பத்தொரு நாளில் இருபத்தொன்பது புள்ளி.

இன்று காலையும் போனேன். இஸ்மே ஜன்னல் வழியாக ட்ரூசில்லா வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் போயிற்று. வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ட்ரூசில்லாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மூணு மாசமா பாக்குறேன்! ஒரு குட் மார்னிங் சொல்லத் தெரியாதா இந்த மனுஷனுக்கு? உன்னை யாரு வளத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இஸ்மே திரும்பினாள்.

"எங்கம்மாதான் வளத்தா. உனக்கென்னடி? எங்கண்ணனைச் சொல்ல... நீ யாரு?"

ட்ரூசில்லா சிரித்துக்கொண்டே ஈரத் துணியை உதறினாள்.

இஸ்மே என்னைப் பார்த்தாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். உதடு அசைந்தது, தேடியது, பிறகு மெல்லக் குவிந்தது.

"அருள்கூர்ந்து காத்திருங்கள், ஐயா."

"காத்திருக்கேன், இஸ்மே. நீ மெதுவா வா" என்றேன்.