துவக்கோடு போட்ட சலாம்

எழுபத்து நாலாம் ஆண்டுப் பக்கம் என்று நினைக்கிறேன். யட்டவத்த பக்கம் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கூப்பன் அரிசி குறைந்து, ஒரு துண்டு பாணுக்குக் கடை வாசலில் வரிசையில் நின்று அடிபட்ட காலம். அந்தக் காலத்தைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது பசித்த காலம். அதில் இனிக்க ஒன்றும் இல்லை.

நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே, காட்டு ஓரத்தில், தேயிலை வராத மேட்டு நிலத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் மரவள்ளி நட்டோம். கிழங்கு விளைகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கியது. பக்கத்துக் காணிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோண்டிய சனியன், என் காணியை மட்டும் பாதிக்கு மேல் உழுது போட்டுவிட்டுப் போயிருந்தது. என் மனைவி காணியைப் பார்த்துவிட்டு வந்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் நேரே பிரட்டுக்களத்துக்குப் போனேன். காலையில் துரை வந்து வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. எல்லோர் முன்னாலும் துரையிடம் கேட்டேன்.

"பன்னிக்கு வெடி வைங்க, இல்லாட்டி எங்களுக்கு அரிசி குடுங்க. ரெண்டும் முடியாதுன்னா நாங்களும் பன்னி மாதிரி பங்களாத் தோட்டத்துல எறங்க வேண்டியதுதான்."

நான் கேட்டது கூடப் பரவாயில்லையாம். தலைத்துண்டை அவிழ்க்காமல் கேட்டேன் என்பதுதான் குற்றமாம். தோட்டத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. துரை வந்தால் பாதையை விட்டு இறங்க வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட வேண்டும். கூப்பிட்டால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, முழு உடம்பையும் அவர் பக்கம் திருப்பி "சலாங்க தொரை" என்று சொல்ல வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்கிறவன் மனுசனே இல்லை. எனக்கு இது ஒரு நாளும் வரவில்லை. நான் மண்வெட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் "என்னா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டுவேன். காது பின்னாலும் கேட்கும்தானே. இதற்காக, எங்களை வேலை வாங்குகிற கங்காணியிடம் நான் வாங்கிய ஏச்சை மூட்டை கட்டினால் லொறியில்தான் ஏற்ற வேண்டும்.

துரைக்குச் சொந்தமாக ஒரு துவக்கு இருந்தது. ஒற்றைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிய எழுபத்தொன்றுக் குழப்பத்தின்போது பொலிஸார் எடுத்துக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. என் சத்தத்தாலோ, அல்லது தன் பங்களாத் தோட்டம் ஞாபகம் வந்ததாலோ, துரை எழுதிக் கேட்டார். பொலிஸில் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒரு சார்ஜன் துவக்கைக் கொண்டுவருவார். தோட்டத்து ஆள் ஒருவனுக்குப் பழக்குவார். அவன் கையில் கொடுக்கலாம் என்று சார்ஜன் சொன்னால் துவக்கு தோட்டத்தில் இருக்கும். இல்லையென்றால் வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போகும். அதற்குப் பிறகு கேட்கவே கூடாது.

துரை கங்காணியிடம் ஆட்களைப் பொறுக்கச் சொன்னார். கங்காணி ஐந்து பேரைப் பொறுக்கினார். சலாம் போடுவதில் தோட்டத்திலேயே முதல் ஐந்து பேர். இடுப்பு வளைகிற வளைவில் நெற்றி முழங்காலைத் தொடும். பன்றி வந்தால் அதற்கும் சலாம் போடுவார்கள் என்று நான் சொன்னேன். அதற்குத் தண்டனையாக, சுடுவதற்கு வைக்கிற தகரத்தைச் சுமந்துவரும் வேலை எனக்குக் கிடைத்தது. தகரத்தில் கங்காணி தன் கையாலேயே கரியால் பன்றி வரைந்திருந்தார். அவர் வளர்க்கிற ஆடு மாதிரியே இருந்தது.

பழைய காலத்தில் ரோட்டுக்குக் கல் உடைத்துவிட்டுப் போன ஒரு பள்ளம் இருந்தது. பின்னால் உயரமான மண்சுவர். அதில்தான் பழக்கினார்கள். சார்ஜன் பெரிய வயிற்றுக்காரர், சிங்களவர். மாத்தளைக் கடைத்தெருவில் பழகிய தமிழ் பேசினார். வந்ததும் தரையில் அடுப்புச் சாம்பலால் ஒரு கோடு போட்டார். கோட்டில் ஒரு சாக்கை விரித்துத் துவக்கை வைத்தார். சுடுகிறவன் மட்டும் கோட்டில் நிற்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். அவர் சிவப்புத் துணியைத் தூக்கினால் துவக்கைத் தொடவே கூடாது. சுடும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். குழலின் வாய் எந்த நேரமும் மண்சுவரைத்தான் பார்க்க வேண்டும், உள்ளே தோட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னதைத்தான் இரண்டு தடவை சொன்னார்.

"பின்னால யார் கூப்பிட்டாலும் திரும்ப வேணாம். உங்க தொர கூப்பிட்டாலும் வேணாம். அம்மா கூப்பிட்டாலும் வேணாம். தொறந்து, தோட்டாவ எடுத்து, துவக்கக் கீழ வை. அதுக்குப் பொறகு திரும்பு."

ஐந்து பேரும் "சரிங்க மாத்தயா" என்று வளைந்தார்கள்.

முதல் ஆள் துவக்கைத் தூக்கிக் குறி பார்த்தான். நன்றாகத்தான் நின்றான். பின்னால் நின்ற துரைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தோளைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னார்.

அவன் திரும்பினான். முழு உடம்பும் திரும்பியது, துவக்கும் கூடவே திரும்பியது. "சரிங்க தொரை" என்று குனிந்தபோது குழலும் குனிந்து, துரையின் நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் நிதானமாக இறங்கியது.

துரை அப்படியே பக்கத்துத் தேயிலைக்குள் விழுந்தார். தொப்பி ஒரு பக்கம், சப்பாத்து ஒரு பக்கம். கங்காணி ஜீப்புக்குக் கீழே போய்விட்டார். அந்த உடம்பு எப்படி அதற்குள் போனது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. சார்ஜன் மட்டும் அசையாமல் நின்றார். முதல் ஆட்களுக்கு அவர் தோட்டாவே போடவில்லை. அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

இரண்டாமவனுக்கு அவர் கத்திக் கத்திப் படிப்பித்தார். துரையும் தேயிலை இலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இனிப் பேசமாட்டேன் என்றார். பேசவும் இல்லை, இருமினார். அவ்வளவுதான். துரை இருமினால் ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம். இரண்டாமவன் ஒரு கையால் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே திரும்பினான். மற்றக் கையில் துவக்கு. அதன் வாய் அப்போதுதான் ஜீப்புக்குக் கீழிருந்து வெளியே வந்த கங்காணியின் மீசைக்கு நேராக நின்றது. கங்காணி திரும்பவும் உள்ளே போனார்.

துரையைப் பங்களாவுக்கு அனுப்பிவிடலாம் என்று கங்காணி ஜீப்புக்கு அடியில் இருந்தபடியே யோசனை சொன்னார். சார்ஜன் ஒத்துக்கொள்ளவில்லை. காவல் குடிசையில் ஒருவன் துவக்கோடு இருக்கும்போது துரை வரலாம், கங்காணி வரலாம், பெண்சாதி சாப்பாடு கொண்டு வரலாம். கூப்பிட்டவுடன் திரும்புகிறவன் கையில் கொடுத்தால் பன்றி பிழைக்கும், ஆட்கள்தான் சாவார்கள் என்றார். அதனால் துரையைத் தாராளமாகப் பேசச் சொன்னார்.

மூன்றாவது ஆளுக்குத்தான் உண்மையான தோட்டா கொடுத்தார். அவன் வேர்த்து ஒழுக ஒழுக நின்று சுட்டான். பன்றியின் காது பறந்தது. துரைக்குச் சந்தோசம், "நல்லம்" என்றார். புகை வருகிற துவக்கோடு அவன் திரும்பிச் சலாம் போட்டான். நாலாவது, ஐந்தாவது ஆட்களைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஐந்தாவது ஆள் துரை வாயைத் திறக்கும் முன்னமே திரும்பி, "கூப்ட்டீங்களா தொரை?" என்று கேட்டான்.

சார்ஜன் சிவப்புத் துணியைத் தூக்கினார். துவக்கைத் துடைத்துப் பைக்குள் போடத் தொடங்கினார். நான் தகரத்தைத் தூக்கப் போய், அதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துவக்கு போகிறது என்றால் மிச்சக் கிழங்கும் போகிறது. கவிழ்த்து வைத்த சட்டி எனக்குக் கண்ணுக்குள் நின்றது.

சார்ஜனுக்கும் மனது கேட்கவில்லை போல. பையின் வாரைக் கட்டாமல் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"இந்தத் தோட்டத்துல மரியாத தெரியாத மனுசன் ஒருத்தன்கூட இல்லயா?"

எல்லோருடைய கையும் என் பக்கம் நீண்டது. துரையின் கையும்தான். ஜீப்புக்குக் கீழிருந்தும் ஒரு கை வந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் குணத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. கோட்டில் போய் நின்றேன். தலைத்துண்டு தலையிலேயே இருந்தது. துவக்கைத் திறந்து, சார்ஜன் கொடுத்த தோட்டாவைப் போட்டு, மூடி, விரலை வெளியே வைத்துக்கொண்டு பன்றியைப் பார்த்தேன். துரை கூப்பிட்டார். "கேக்குது, சொல்லுங்க" என்றேன், மண்சுவரைப் பார்த்தபடியே. சத்தமாகக் கூப்பிட்டார். "காது செவிடு இல்லங்க" என்றேன். சார்ஜன் சிரிப்பது கேட்டது. இவனை எப்படியாவது திருப்புங்கள் பார்ப்போம், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று அவர் எல்லோருக்கும் உத்தரவு கொடுத்தார்.

கங்காணி அதற்காகத்தான் வருசக்கணக்காகக் காத்திருந்தார். ஜீப்பைவிட்டு வெளியே வந்து, தூசியைத் தட்டி, நிதானமாக ஆரம்பித்தார். என் மூக்கு, என் நடை, என் மாமனார் என்னைப் பார்த்து ஏமாந்த கதை. நான் அசையவில்லை. பிறகு பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னார்.

"டேய், போன மாசம் ஒன் கெழங்கத் தோண்டுனது பன்னின்னா நெனச்சே? நான்தான்டா. அவிச்சு, மாசிச் சம்பலோட தின்னோம். ருசின்னா ருசி."

என் காதுக்குள் ரத்தம் ஏறுகிற சத்தம் எனக்கே கேட்டது. மரியாதைக்குத் திரும்பாத உடம்பு கோபத்துக்குத் திரும்பப் பார்த்தது. இடது கால் நகர்ந்தேவிட்டது. விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். அது விசைக்கு மேலே இருந்தது. நான் வைக்கவில்லை, அதுவாகவே போயிருந்தது. அந்த ஐந்து பேரைப் பார்த்துச் சிரித்தேனே, அவர்கள் திரும்பிச் சலாம்தான் போட்டார்கள். நான் திரும்பியிருந்தால் சுட்டிருப்பேன்.

விரலை எடுத்தேன். துவக்கைத் திறந்தேன். தோட்டா சிக்கிக்கொண்டது. நகத்தால் இழுத்து எடுத்து மடியில் செருகினேன். துவக்கைச் சாக்கின் மேல், வாய் மண்சுவரைப் பார்க்க வைத்தேன். பிறகு திரும்பினேன்.

கங்காணி ஓடத் தொடங்கிவிட்டார். நான் அவரை ஜீப்பைச் சுற்றிச் சுற்றித் துரத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுதினால் அச்சில் போடமாட்டார்கள். எங்களைத் தடுக்க வந்த துரையைச் சார்ஜன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க தொர. முதல்ல துவக்கு, பொறகு வாய். இவன் கையில குடுக்கலாம்."

துவக்கு தோட்டத்தில் நின்றது. காவல் வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு பன்றியைக்கூட நான் சுடவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை குறி பார்த்துச் சுட்டதில் என் சொந்த மரவள்ளிதான் இரண்டு மரம் சாய்ந்தது. ஆனால் சத்தம் போதுமாக இருந்தது. காணிகளில் தோண்டுவது நின்றது. மிச்சக் கிழங்கு வீடு வந்து சேர்ந்தது. என் மனைவி சட்டியை நிமிர்த்தி அடுப்பில் வைத்தாள். அன்றைக்குச் சொன்னது என்னைத் திருப்புவதற்காகச் சொன்ன பொய் என்று கங்காணி பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் துவக்கோடு காவலிருக்கத் தொடங்கியதும் கிழங்கு தோண்டுவது நின்றது உண்மை. பயந்து நின்றது பன்றியா கங்காணியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் பார்த்த துவக்குகளுக்குக் கணக்கில்லை. கலவரம் வந்தது, யுத்தம் வந்தது. ரோட்டுக்கு ரோடு பஸ்ஸை நிறுத்தி எங்களை வரிசையில் இறக்கினார்கள். சோதிக்கிற ராணுவப் பையன்கள் ஆளோடு ஆள் பகிடி பேசிச் சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். துவக்கும் கூடவே திரும்பி எங்கள் வயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். விரல் எங்கே இருக்கிறது என்றுதான் நான் ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். விசைக்கு மேலேதான் இருக்கும். அந்த வயிற்றுக்காரச் சார்ஜன் ஒரு கை சாம்பலோடு வந்து இவன்களுக்கு ஒரு கோடு போட்டுக் காட்டமாட்டாரா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

என் கோபம் இன்னும் குறையவில்லை, குறைக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் யாராவது பின்னாலிருந்து என்னைச் சீண்டினால், திரும்புவதற்கு முன்னால் என் கையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்து, அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் இன்றைக்கும் திரும்புகிறேன்.